திகதி குறித்த பிரசவத்துக்கு வகுப்பு எதற்கு?

“வெட்டித்தானக்கா எடுக்கப் போறாங்க. நான் முக்கப் போறதும் இல்ல, மூச்சுப் பிடிக்கப் போறதும் இல்ல. அப்புறம் எதுக்கு கிளாசு? அரைப்பேரு போகுதே!”

எங்கள் தோட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கை அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுக்கு முதற் பிள்ளை சிசேரியன். இரண்டாவதையும் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று பதுளையில் வைத்தியர் சொல்லிவிட்டார். குடும்ப நல மிஸ்ஸி நடத்தும் கர்ப்பிணித் தாய்மார் வகுப்புக்கு வரச் சொன்னபோதுதான் இப்படிக் கேட்டாள். காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்ததால் என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையே அவளுக்கான பதில். அவளைப் போல் நினைக்கும் சகோதரிகள் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அரைப்பேர் என்பது சின்ன விடயமல்ல. தோட்டத்திலிருந்து பசறை நகரத்துக்கு வந்து போகும் செலவும் இருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு அந்தப் பாதையில் குலுங்கி வர வேண்டும். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.

முதற் பிள்ளை பிறந்த விதம்

என் அம்மா பிறந்தது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய குடும்பம் மலையை விட்டு வன்னிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தேன். 2009 ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்து முகாமில் இருந்தபோது எனக்கு நிறைமாதம். ஒரு இரவு வலி கண்டது. எங்கேயோ ஒரு வைத்தியசாலைக்கு ஏற்றிப் போனார்கள். யாரோ ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். மேலே பெரிய விளக்கு எரிந்தது. முகத்தில் எதையோ வைத்து மூடினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வயிற்றில் கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று கேட்கவும் எனக்கு மொழி தெரியவில்லை. சாயங்காலம்தான் என் மகளைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். அவர்கள் என் உயிரையும் அவள் உயிரையும் காப்பாற்றினார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஏன் வெட்டினார்கள், எப்படி வெட்டினார்கள், இனி நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கையில் கிடைத்த ஒரு துண்டுக் காகிதமும் முகாம் மழையில் நனைந்து போனது.

2010 இல் முகாமிலிருந்து வெளியே விட்டபோது, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவோம் என்று மாமா வீட்டைத் தேடிப் பசறைக்கு வந்தோம். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

2017 இல் நான் மறுபடி கர்ப்பமானேன். கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான். முதற் சிசேரியனில் கர்ப்பப்பையைக் குறுக்காக வெட்டினார்களா, நெடுக்காக வெட்டினார்களா என்று தெரிந்தால்தான் அடுத்த பிரசவத்தைத் தீர்மானிக்கலாம். கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டப்பட்ட தாய்மாரில் பலர் அடுத்த முறை வைத்தியசாலைக் கண்காணிப்பில் சுகப்பிரசவம் காண முடியும். நெடுக்காக வெட்டியிருந்தால் பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிரியும் ஆபத்து அதிகம். தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது. என்னிடம் பதிவு எதுவும் இல்லை. ஆகவே வலி தொடங்க முன்னர், முப்பத்தெட்டாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சிசேரியன் என்று திகதி குறித்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லாத தாய்மாருக்கு முப்பத்தொன்பது வாரம் நிறைந்த பிறகுதான் பொதுவாகத் திகதி கொடுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்புக் கூடும். என் தழும்பு எப்படிப்பட்டது என்று தெரியாததால்தான் எனக்கு முந்திய திகதி.

இடம்பெயர்ந்த சகோதரிகளிடம் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். உங்கள் முந்திய பிரசவத்தின் காகிதங்கள் யுத்தத்தில் தொலைந்திருந்தால், முதல் கிளினிக்கிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். எந்த வருடம், எந்த வைத்தியசாலை, எத்தனை மாதத்தில், பிறகு காய்ச்சல் வந்ததா, இரத்தம் ஏற்றினார்களா என்று ஞாபகம் உள்ளதைச் சொன்னாலும் உதவும்.

மாமியாரோடு வகுப்புக்கு

மிஸ்ஸி வகுப்புக்குக் கூப்பிட்டபோது, “எனக்குத்தான் திகதி குறித்தாயிற்றே” என்றேன். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். என் மாமியார் அதற்கும் மேலே போய், “நாங்கல்லாம் கிளாசுக்குப் போயா பெத்தோம்?” என்றார். மிஸ்ஸி கோபித்துக்கொள்ளவில்லை. “சுகப்பிரசவம் என்றால் உங்கள் உடம்பே உங்களுக்கு வழி காட்டும். இது சத்திர சிகிச்சை. யாராவது சொல்லித் தராவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு 2009 ஆம் ஆண்டின் அந்த விளக்கு ஞாபகம் வந்தது. போவதென்று முடிவு செய்தேன்.

வகுப்புக்குக் கணவரையும் கூட்டி வரச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்து ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில். என் கணவரும் அங்கே ஒரு கடையில் வேலை செய்தார். அவருக்குப் பதிலாக மாமியார் முணுமுணுத்துக்கொண்டே என்னோடு வந்தார்.

வகுப்பில் எல்லாமே எனக்குப் பயன்பட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி நேரம் வலி வரும்போது மூச்சு விடும் முறை, முக்கும் முறை என்று போனது. சிங்களத்தில் சொன்னது பலருக்கு விளங்கவில்லை. தமிழ் தெரிந்த ஒரு தங்கை இடையிடையே எடுத்துச் சொன்னாள். சிசேரியனைப் பற்றி மிஸ்ஸி பேசியது அரை மணித்தியாலம்தான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் கேட்டது என் பிள்ளையைக் காப்பாற்றியது என்றே நம்புகிறேன்.

“திகதி குறித்தது நாங்கள். பிள்ளைக்கு அந்தத் திகதி தெரியாது” என்றார் மிஸ்ஸி. குறித்த நாளுக்கு முன் பனிக்குடம் உடைந்தாலும், வலி வந்தாலும், இரத்தம் பட்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. எதையும் சாப்பிடாமல் குடிக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்பு வெட்டிய தழும்பு உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

அந்த விடியற்காலை

செவ்வாய்க்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. விடியற்காலை நான்கு மணியளவில் எழுந்தபோது காலோடு தண்ணீர் வழிந்தது. வலி இல்லை. சிறுநீராக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைதானே திகதி, விடியட்டும், மிஸ்ஸியைக் கேட்போம் என்று நினைத்தேன். வகுப்பில் உட்கார்ந்து எல்லாம் கேட்டவள் நான்தான். பயம் வந்தபோது அத்தனையும் மறந்து போனது.

மறக்காதவர் மாமியார். சேலையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். “இது மூத்திரமில்ல புள்ள, பன்னீர்க்குடம்! மிஸ்ஸி என்ன சொன்னாங்க?” என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் அடுத்த லயத்தில் ஓட்டோ வைத்திருந்த தம்பியின் கதவைத் தட்டினார். எனக்கென்று ஊற்றிய தேத்தண்ணீரையும் ஞாபகமாகத் தள்ளி வைத்தார். தாலியை அவரே கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். தியேட்டருக்குள் நகை எதுவும் போட முடியாது என்று வகுப்பில் சொன்னபோது, அதிகமாக முகம் சுளித்தவர் அவர்தான்.

பசறையிலிருந்து பதுளைக்கு இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட, முழுதும் வளைவுப் பாதை. அதற்கு முன் தோட்டத்துக் கல் ரோட்டு. பாதி வழியில் வலி தொடங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில், “கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டபோது, “இரவு எட்டு மணிக்கு ரொட்டி, பிறகு தண்ணீர்கூட இல்லை” என்று மாமியார் பரீட்சைக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். மகன் பிறந்த பிறகு வைத்தியர் சொன்னார், பழைய தழும்பு மிகவும் மெலிந்து போயிருந்ததாம். செவ்வாய் வரை என்ன, அன்று மத்தியானம் வரை காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

விளக்குக்குக் கீழே

இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். யுத்தத்தைக் கண்ட பெண்களுக்கு வைத்தியசாலை வெறும் வைத்தியசாலையாக இருப்பதில்லை. உலோகத் தட்டின் சத்தம், இரத்த வாடை, கையைக் கட்டிலில் நீட்டி வைப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று பழைய நாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். என்னால் மறுபடியும் அந்த விளக்குக்குக் கீழே படுக்க முடியுமா என்பதே என் பெரிய பயம். வகுப்பு முடிந்த பிறகு அதை மிஸ்ஸியிடம் தனியாகச் சொன்னேன். அவர் என் கர்ப்பகாலப் பதிவேட்டில் அதைக் குறித்து வைத்தார்.

தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் அதைப் படித்திருந்தார். முதுகில் ஊசி போடுவார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும், நினைவு இருக்கும், வலி இராது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். அதனால் வயிற்றை யாரோ பிசைவது போலத் தெரிந்தபோது நான் அலறவில்லை. மூச்சு விடும் பயிற்சி எனக்கு எதற்கு என்று நினைத்தேன் அல்லவா? ஊசி போடும்போது முதுகை வளைத்து அசையாமல் இருக்க அதுதான் கைகொடுத்தது. மகன் அழுத சத்தத்தை நான் கேட்டேன். மகள் பிறந்தபோது கிடைக்காதது அது.

பிறகு வாழ்நாள் முழுக்க முதுகுவலி வரும் என்று அந்த ஊசியைப் பற்றிச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. சிலருக்குச் சில நாட்கள் ஊசி போட்ட இடம் நோகும். மிகச் சிலருக்கு எழுந்து உட்காரும்போது கடுமையான தலைவலி வரும். அப்படி வந்தால் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

சிசேரியன் தாய்க்கு வகுப்பு எதைச் சொல்ல வேண்டும்?

இலங்கையில் தாய்மார் சேவை நேற்று வந்ததல்ல. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. 2015 ஆம் ஆண்டளவில் அது 34க்கு அண்மையில் வந்தது. ஊர் ஊராக நடந்த குடும்ப நல மிஸ்ஸிமாரின் கால்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் காலம் மாறியிருக்கிறது. 2016 ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி இலங்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் சிசேரியன். மூன்றில் ஒரு தாய்க்கு நடப்பதை வகுப்பில் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. பின்வருவனவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

போவதற்கு முன்: எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று தெளிவாகக் கேளுங்கள். திண்ம உணவைக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வீட்டில் பிளேட் போட்டு மயிரை மழிக்க வேண்டாம், சின்னக் கீறலிலும் கிருமி புகும். நகப் பூச்சு, நகை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

கையெழுத்து: எந்தத் தாளில் கையெழுத்து வைக்கிறோம் என்று கேட்பது உங்கள் உரிமை. சிசேரியனோடு சேர்த்துக் கருத்தடைச் சத்திர சிகிச்சையும் செய்து விடலாம் என்று சிலருக்குச் சொல்வார்கள். அது தனி விடயம். நீங்கள் விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். வலியில் கிடக்கும்போது முடிவு எடுக்க வேண்டியதல்ல அது. கர்ப்ப காலத்திலேயே கணவரோடு பேசி, கிளினிக்கில் கேட்டு, நிதானமாக முடிவு செய்யுங்கள்.

பால் கொடுப்பது: வெட்டி எடுத்தால் பால் வராது என்பது தவறு. முடிந்தவரை முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை நெஞ்சோடு போடச் சொல்லிக் கேளுங்கள். பால் பெருகச் சிலருக்கு ஒரு நாள் பிந்தலாம், அதற்காகப் போத்தலைத் தேட வேண்டாம். பக்கவாட்டில் படுத்து, அல்லது பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழே பிடித்துக் கொடுத்தால் காயத்தில் படாது.

எழுந்து நடப்பது: தாதி சொன்னதும், வலித்தாலும், மெதுவாக எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையைக் காயத்தோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு: சிசேரியன் ஆனாலும் சில கிழமைகளுக்கு இரத்தம் போகும், பயப்பட வேண்டாம். காயத்தைச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்திருங்கள். பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பு, கீரையை நிறுத்தினால் காயம் ஆறப் பிந்தும். தண்ணீரையும் குறைக்க வேண்டாம். முதற் கிழமைகளில் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் அதற்குள் அடங்கும். கொழுந்துக் கூடையை எப்போது சுமக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். 2018 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிறகு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் பிரசவ விடுமுறை தோட்டப் பெண்ணுக்கும் உண்டு.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வடிதல், துர்நாற்றம், துணியை அடிக்கடி மாற்றுமளவு இரத்தப் போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மனது: காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மேல் பிடிப்பில்லாமை கிழமைக்கணக்கில் நீண்டால் அது சோம்பலுமல்ல, பேயுமல்ல. மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்திலும் பேசலாம்.

அடுத்த பிள்ளை: குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு சிசேரியனோடும் அடுத்த முறை நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்துக் கூடுகிறது. வைத்தியசாலையில் தரும் அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். அதை இழந்த எனக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

அரைப்பேருக்கு ஈடா?

தங்கையே, உன் கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தால் அரைப்பேர் நட்டம்தான். அது எங்கள் பிரச்சினையை எங்கள் மொழியில் சொல்லும் வகுப்பாக இருந்தால், நாமும் வாயைத் திறந்து கேட்டால், அரைப்பேர் என்ன, ஒரு கிழமைப் பேரும் அதற்கு ஈடாகாது. “மிஸ்ஸி, எனக்கு சிசேரியன். எனக்கு வேண்டியதைச் சொல்லுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடு. வகுப்புக்குப் போகவே முடியாதவர்கள், மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போகும்போது வீட்டில் ஒருவரை, கணவரோ மாமியாரோ அம்மாவோ, கூட்டிப் போங்கள். நமக்குப் பயத்தில் மறந்து போவதை அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இப்போது எனக்கும் சிங்களம் வரும். வகுப்பு நாளில் மிஸ்ஸிக்குப் பக்கத்தில் இருந்து தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. மாமியாரும் சில நாட்களில் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். பனிக்குடம் பற்றிய பேச்சு வந்தால் போதும், மிஸ்ஸி வாயைத் திறக்க முன்னமே, “தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது புள்ளைகளா!” என்று பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்கும்.

அடுத்த வகுப்பு புதன்கிழமை. வா தங்கச்சி, பஸ்ஸில் உனக்கும் ஒரு சீட் பிடித்து வைக்கிறேன்.